துண்டுக்குள் வந்த மூன்றாவது கை

மழைக்கு எங்கள் ஊர் வழி மறந்து மூன்று வருடம் ஆகியிருந்த காலத்தில், தண்ணீர் தேடிக் கிணற்றைத் தோண்டித் தோண்டி, அடியில் காது வைத்தால் பூமிக்கு அந்தப்பக்கம் இருக்கிறவன் இருமுவது கேட்கிற ஆழத்துக்கு நாங்கள் போயிருந்த காலத்தில், கள்ளிமேட்டுச் செவ்வாய்ச் சந்தைக்குக் குன்றின்மேல் கோயில்கொண்ட எங்கள் சாமி கரட்டுப் பெருமாள் மாட்டுத் தரகராக வந்து சேர்ந்தார். வந்தவர் சுங்கம் கட்டவில்லை என்பதுதான் அவர்மேல் ஊரில் எழுந்த முதல் புகார்.

நான் பக்கத்தில் இருந்தேன். பக்கத்தில் என்றால் ஒரு துண்டின் அகலம்.

என் பேர் ராக்கியண்ணன். முப்பது வருடமாக மாட்டுத் தரகு. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்தேன். மீதிப் படிப்பை மாட்டுக் கொம்பும் மனுசன் நாக்கும் சொல்லிக்கொடுத்தன, அந்த இரண்டு வாத்தியார்களுக்கும் பிரம்பு தேவைப்படவில்லை. அந்தப் படிப்பின் முதல் பாடம், எதையும் புகழாதே என்பது. வாங்க வந்தவன் வாயிலிருந்து ‘நல்ல மாடு’ என்று இரண்டு சொல் தவறி விழுந்தால் போதும், விலை ஏணி போட்டு ஏறிவிடும். அதனால் காமதேனுவே வந்து நின்றாலும் ‘பின்னங்கால் கொஞ்சம் ஒட்டுதுங்களே’ என்று சொல்லப் பழக வேண்டும். நான் பழகிவிட்டேன். பெண் பார்க்கப் போன வீட்டில்கூடக் காபியைக் குடித்துவிட்டுச் ‘சக்கரை பத்தலை’ என்றேன். ‘வாயில கொஞ்சம் இருந்தாக் காபிக்கு எதுக்கு’ என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது, அந்தக் குரலைத்தான் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டு இருபத்தாறு வருடத்தில் அவள் சமையலை ஒருநாள் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. சொன்னால் ஏதோ கையைவிட்டுப் போய்விடும் என்று எனக்கு ஒரு பயம்.

சந்தையில் நாங்கள் விலையை வாயால் பேசுவதில்லை. வாங்குகிறவனும் தரகனும் எதிரெதிரே நின்று கைகுலுக்குவதுபோல் கையைக் கொடுத்து, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வோம். மூடின துண்டுக்குள்ளே விரலைப் பிடித்தால் விலை. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. முகம் சிரித்துக்கொண்டிருக்கும், வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், துண்டுக்குள்ளே இரண்டு கைகள் பாம்பும் கீரியுமாகப் புரண்டுகொண்டிருக்கும். அங்கே நடப்பது மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. இத்தனை காலமும் அப்படித்தான் நம்பியிருந்தோம்.

ஆனி மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கு முந்தின செவ்வாய், உச்சிவெயில் நேரத்தில், மாராத்தாள் தன் செவலைப் பசுவைக் கொண்டுவந்தாள். மாராத்தாளுக்கு ஐம்பது வயதிருக்கும். புருசன் போய்விட்டான், பிள்ளை குட்டி இல்லை, கரட்டுப் பெருமாள் கோயில் பஜனையில் ஜால்ரா தட்டுகிற வேலை ஒன்றும் அந்தப் பசு ஒன்றும்தான் அவளுக்கு இருந்தன. பசு ஏழு மாதச் சினை. சோளத்தட்டு தீர்ந்து, கள்ளி தீர்ந்து, வீட்டுக் கூரையிலிருந்த பனையோலையைப் பிரித்துப் பிரித்து அதற்குப் போட்டுவிட்டு, அவள் வெயிலைத் தலையில் வைத்துக்கொண்டு நான்கு சுவருக்குள் குடியிருந்தாள். இன்னும் மாட்டுக்கொட்டகைக் கூரை ஒன்றுதான் பாக்கி. அது ஒரு வாரத்துக்கு வரும்.

வாங்க நின்றவர் வேலாயுதசாமி, மேற்கே போகிற லாரிக்காரர். அந்த லாரியில் ஏறின மாடு எதுவும் திரும்பி வந்து எந்தக் கட்டுத்தறியிலும் நின்றதில்லை. வறட்சி வந்த நாளிலிருந்து சந்தையில் வாங்க வருகிற ஒரே ஆள் அவர்தான். மாராத்தாளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பசுவுக்கும் தெரிந்திருக்கும். அது லாரியைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டு நின்றது.

“வேற ஆளே இல்லீங்களா ராக்கியண்ணா?” என்றாள்.

“இருந்தா நான் இந்த ஆள் மூஞ்சியப் பாத்துட்டு நிப்பனா? வயித்துல இருக்கற கன்னும் சேந்து பட்டினி கெடக்கறதுக்கு இது தேவல, மாராத்தா. கவுத்தக் குடு.”

அவள் கயிற்றைக் கொடுக்கவில்லை, கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, பாட ஆரம்பித்தாள். ஒப்பாரி என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. ‘கருமேகம் போலிருப்பாய், கரடெல்லாம் உன் மடியோ’ என்று பெருமாளின் அழகைப் பாடுகிறாள். வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டு மேகம் கிடையாது, கீழே பசுவுக்கு விலாவெலும்பு எண்ணிக்கொள்ளலாம், இவள் மேகம்போல் இருப்பாய் என்று ஆளைப் புகழ்ந்துகொண்டு நிற்கிறாள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏம்மிணி, உன்னோட கஷ்டத்தச் சொல்லிப் பாடுனாலும் ஒரு ஞாயம் உண்டு.”

“கஷ்டத்தப் பாடுனா கஷ்டம் நல்லாருக்குதேன்னு பக்கத்துல வந்து உக்காந்துக்குமுங்கண்ணா. அதுக்கு எதுக்குப் பாட்டு?” என்று சொல்லிவிட்டு, விட்ட அடியிலிருந்து பிடித்துக்கொண்டாள்.

பாடட்டும் என்று விட்டுவிட்டு, நானும் வேலாயுதசாமியும் கை கொடுத்துத் துண்டைப் போட்டோம். அவர் என் மூன்று விரலைப் பிடித்தார். நான் உதறிவிட்டு நான்கைப் பிடிக்கப் போனேன். அப்போது எங்கள் இரண்டு கையையும் சேர்த்து ஒரு மூன்றாவது கை பிடித்தது.

“தரகரே, உங்க கையில எத்தனை வெரலு?” என்றார் வேலாயுதசாமி, சிரிப்பு மாறாமல்.

“எனக்கு அஞ்சுதானுங். உங்களுக்கு?”

“எனக்கும் அஞ்சுதான். இங்க பதனஞ்சு இருக்குது.”

துண்டை எடுத்தோம். இரண்டு கை. போட்டோம். மூன்று கை. பாட்டை நிறுத்தச் சொன்னோம். இரண்டு கை. பாடச் சொன்னோம். மூன்று. காய்ப்பேறின வலதுகை, கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கையில் தழும்பு ஓடின கை, ஆனால் மழையில் நனைந்துவிட்டு இப்போதுதான் துடைத்ததுபோல் ஈரமாக இருந்தது. பாட்டு முடிந்து அது போனபிறகு என் உள்ளங்கையில் அறுத்துப்போட்ட பச்சைப்புல்லின் வாசம். மூன்று வருடமாக நான் முகராத வாசம். செவலைப் பசு அடியெடுத்து வைத்து வந்து, காய்ந்து செருப்புத்தோலாகியிருந்த நாக்கை நீட்டி, என் கையை முழங்கை வரைக்கும் நக்கிவிட்டு, அசைபோடத் தொடங்கியது. வெறும் வாயை அசைபோட்டது. அதன் கண் மட்டும் முந்தின நாள் கண்ணாக இல்லை.

விசயம் ஐந்து நிமிடத்தில் சந்தை முழுக்கப் பரவிவிட்டது. சுங்கக் குத்தகைக்காரர் பழனியப்பன் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார்.

“சந்தைக்குள்ள துண்டுக்குள்ள கை வெச்சவன் எவனா இருந்தாலும் சுங்கம் கட்டோணும். சாமின்னா கோயில்ல. இங்க தரகர்னா தரகர்தான்.”

“யார் பேருல ரசீது போடுவீங்க?” என்றேன்.

அவர் யோசித்து, ‘பெருமாள், கரடு’ என்று எழுதிக் கிழித்து, வாங்க ஆளில்லாததால் பசுவின் கொம்பில் செருகிவிட்டுப் போனார். வேலாயுதசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “இந்தக் கெரகத்துக்குள்ள கையுட நான் வரல. அடுத்த செவ்வாய் வர்றேன். அன்னிக்கு ரெண்டு கையோட பேசறதா இருந்தா மாடு ஏறட்டும். விலை இதே விலை இருக்காது, சொல்லிட்டேன்” என்று பாதி நிறைந்த லாரியோடு கிளம்பிப் போனார்.

ஒரு வாரம். கொட்டகைக் கூரையும் ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் ஊர் அந்தக் கையோடு பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை காலையில் தோளில் துண்டில்லாமல் ஒரு ஆளும் வெளியே வரவில்லை. டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர், கோயில் வாசலில் நான்கு பேர், ரேசன் கடை வரிசையில் முன்னால் நிற்பவனும் பின்னால் நிற்பவனும் என்று எங்கே பார்த்தாலும் கைகொடுத்துத் துண்டு போட்டுக்கொண்டு, பாடத் தெரிந்தவர் பாட, தெரியாதவர் பாட, மூன்றாவது கைக்குக் காத்திருந்தார்கள். அதுவும் வந்தது. ஒரே நேரத்தில் பதினேழு துண்டுக்குள் வந்தது. யாரும் அதை அதிசயம் என்று பேசிக்கொண்டிருக்கவில்லை, அதற்கு நேரமில்லை. என்ன பாடினால் வருகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை இருந்தது. ராகம் தப்பினால் வந்தது. தாளம் தப்பினால் வந்தது. ஜோசப் வாத்தியார் தன் வேதப்பாட்டைப் பாடினார், வந்தது. வண்டிப்பட்டறை காதர் பாய் தன் வழியில் புகழ்ந்து பாடினார், அதே தழும்போடு அதே கை வந்தது, ‘வாத்தியாருக்கு வந்ததுதானே இது’ என்று பாய் கூப்பிட்டுக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். மழையைக் கொடு, மாட்டைக் காப்பாற்று, மகளுக்கு மாப்பிள்ளை அனுப்பு என்று கேட்டுப் பாடினால் மட்டும் வரவில்லை. பஞ்சாயத்துத் தலைவரைப் புகழ்ந்து ஒருவன் பாடிப்பார்த்தான். துண்டுக்குள் இரண்டு கையும் வியர்த்ததுதான் மிச்சம், தலைவரே அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்.

கைபிடித்த ஆட்களின் உள்ளங்கை எல்லாம் புல்வாசம் வீசியது. சாயங்காலமானால் ஊர் மாடுகள் நாற்பத்தொன்றும் கட்டுத்தறியில் ஆளுக்காகக் காத்து நின்றன, கையை நக்கின, வெறும்வாயை அசைபோட்டன, கத்தாமல் படுத்தன. வயிறு நிறையவில்லை. அதை ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூன்று வருடமாகத் தலையைத் தொங்கப்போட்டு நின்ற மாடுகள் காதை நிமிர்த்திக்கொண்டு நின்றன, மனிதர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் நின்றார்கள்.

டீக்கடை சரசா, மார்க்கெட்டுக்கே பதில் சொல்லி வாயடைக்கிறவள், தன் கையைத் துண்டுக்குள் விட்டுவிட்டு அரைமணி நேரம் டீ ஆற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

“எத்தனை வெரலப் புடிச்சுது சரசா?” என்று நாங்கள் தரகர்கள் சுற்றி நின்று கேட்டோம்.

“எண்ணுலீங்.”

“எண்ணாம அப்பறம் என்னத்தப் பண்ணுன?”

“என்ற கைய ஒருத்தரு சும்மா புடிச்சிட்டு உக்காந்து இருவது வருசமாச்சுங்கண்ணா. உங்களுக்கு எண்ணிச் சொல்லோணும்னு எனக்குத் தோணுல.”

“பொம்பளைகளுக்கு யாவாரம் தெரியாது” என்றேன் நான். சொன்னது நான்தான், மறைக்கவில்லை. அவள் எனக்கு மட்டும் அன்றைக்குக் கடுங்காப்பி கொடுத்தாள்.

தப்பு அங்கேதான் நடந்தது. மாட்டுச் சந்தைக்காரர்களுக்கு மட்டும் நடக்கிற தப்பு. துண்டுக்குள் ஒரு கை பிடித்தால் எங்களுக்கு அது எண். வேறு எதுவாகவும் அதை எங்கள் புத்திக்கு வாங்கத் தெரியாது. எனக்கு ஐந்து விரலையும் பிடித்தது, கேட்ட தரகர்கள் எல்லோருக்கும் ஐந்தையும் பிடித்தது. ஆக, ஐந்து. என்ன ஐந்து? ஐந்து நாள், வேறென்ன, ஐந்தாம் நாள் மழை. செவ்வாயிலிருந்து எண்ணினால் ஞாயிற்றுக்கிழமை. நான்தான் எண்ணினேன், நான்தான் சந்தைத் திடலில் ஏறி நின்று சொன்னேன். கள்ளிமேடு மொத்தமும் ஓட்டு இடுக்குகளை அடைத்தது, அண்டா குண்டா எல்லாம் முற்றத்துக்கு வந்தது, சோளவிதையை வெளியே எடுத்து ஊதி வைத்தார்கள், பழனியப்பன் குடை ரிப்பேர் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை வானம் புளிபோட்டுத் தேய்த்த பித்தளைத் தட்டுமாதிரி இருந்தது. காலையில் தேய்த்தது, மத்தியானமும் தேய்த்தபடி, சாயங்காலமும் தேய்த்தபடி. அண்டாக்களில் வெயில் நிரம்பியது. இருட்டுகிற நேரத்தில் ஒவ்வொருவராக அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே போனார்கள். அந்தச் சத்தம் தெருத்தெருவாகக் கேட்டது. திங்கட்கிழமை ஒரு தோளிலும் துண்டில்லை. பாட்டு நின்றுபோனது.

மாராத்தாள் மட்டும் நிறுத்தவில்லை. கொட்டகையின் கடைசி ஓலைகளை உருவிப் போட்டுக்கொண்டே பாடினாள். நான் போனேன். எனக்கு இருந்த கோபத்துக்கு ஒரு எதிராளி வேண்டும், ஊரில் யாரும் என்னோடு பேசவில்லை.

“பாடு மாராத்தா. நான் பேசிக்கறேன் அந்த ஆளோட.”

அவள் பாடினாள், என் துண்டை என் கைமேலேயே போட்டுக்கொண்டேன். வந்தது. ஐந்து விரலையும் பிடித்தது. நான் உதறிவிட்டு இரண்டு விரலைப் பிடித்தேன்: இரண்டு நாளில் கொடு. அது மறுபடி என் கையை முழுசாகப் பிடித்தது. ஒரு விரலைப் பிடித்தேன்: நாளைக்கே கொடு, ஊரே சாகுது. முழுசாகப் பிடித்தது. முப்பது வருடத்தில் இப்படி இறங்கிவராத ஆளைப் பார்த்ததில்லை. எத்தனை முறை உதறினாலும் கோபப்படாமல், விலை சொல்லாமல், திரும்பத் திரும்பக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

“நீயும் ஒரு யாவாரியா?” என்று துண்டைப் பிடுங்கி எறிந்தேன். “வாய்தா சொல்லிக் கெடுத்துப்போட்டு இப்பக் கையப் புடிச்சாப் போச்சா? போய்யா, கரட்டுக்கே போ.”

மாராத்தாள் பாட்டை நிறுத்திச் சிரித்தாள். பாடிப் பாடித் தொண்டை கட்டி, சிரிப்பு காற்றாகத்தான் வந்தது. “அண்ணா, வாய்தா சொன்னது நீங்கதானுங்” என்றாள். அதுதான் அவள் குரலில் கடைசியாக மிச்சமிருந்தது. அதோடு குரல் அற்றுவிட்டது.

செவ்வாய் உச்சிவெயிலில் லாரி வந்தது. பின்கதவைத் திறந்து பலகை சாய்த்துத் தயாராக நின்றது. மாராத்தாள் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கொட்டகையில் ஓலை இல்லை, ஊரில் யார் வீட்டிலும் கொடுக்க ஒரு கைப்பிடி இல்லை. மற்ற நாற்பது மாட்டுக்காரர்களும் தங்கள் மாடுகளோடு சுற்றி நின்றார்கள். செவலை ஏறினால் அத்தனையும் ஏறும். பாட்டுக்காரியின் மாடே போகும்போது எங்கள் மாடு எதற்கு நிற்க வேண்டும் என்று ஒவ்வொருவர் முகத்திலும் எழுதியிருந்தது. மாராத்தாள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை.

“இன்னிக்கு ரெண்டு கைதானே?” என்று வேலாயுதசாமி துண்டைப் போட்டார். என் இரண்டு விரலைப் பிடித்தார். போன வாரம் மூன்று.

“மூணு சொன்னீங்களே.”

“அது போன வாரத்து மாடு. இது இந்த வாரத்து எலும்பு. பாருங்க, முதுகுல தண்ணி ஊத்துனா ரெண்டு பக்கமும் ஓடைதான். சுழி சரியில்ல. அடியெடுத்து வெக்கறதே ஒரு பக்கமா வெக்குது. மடிக்குப் பால் வருமான்னு சாமிதான் சொல்லோணும்.”

எல்லாம் என் ஆயுதங்கள். முப்பது வருடமாக நான் அடுத்தவன் மாட்டைக் குத்தின அதே ஈட்டிகள், அதே வரிசையில். சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். வேலாயுதசாமி மேலே போனார்.

“அட, சாமியச் சொல்லி என்ன பண்றது, அதும் உங்கூரு சாமி இந்த மாடு மாதிரிதான். பல்லுப் போன கெழடு. வாயத் தொறந்து சொல்லத் தெம்பில்லாம வெரலப் புடிச்சிட்டுத் திரியுது.”

எங்கேயிருந்து வந்தது என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. முந்தின நாள் அதே ஆளை நான்தான் போய்யா என்று திட்டினேன். ஆனால் நான் திட்டலாம், நான் கைபிடித்தவன், லாரிக்காரன் யார்? அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பியது, தொண்டைக்கு வந்தது, வாயைத் திறந்தேன், வெளியே வந்தது பாட்டு. பாட்டா அது, காளை கமறுகிற சத்தம். எனக்குக் கருமேகம் தெரியாது, தாமரை தெரியாது, எனக்குத் தெரிந்தது மாடு. முப்பது வருடமாக ஒவ்வொரு மாட்டிலும் பார்த்துப் பார்த்து, கண்டும் சொல்லாமல், விலை ஏறிவிடும் என்று விழுங்கி விழுங்கி வைத்திருந்த நல்லதெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு வந்தது.

‘சுழி சுத்தக்காரனய்யா எங்க கரட்டுப் பெருமாளு,
சொத்தைப்பல்லு ஒண்ணுமில்லே எங்க கரட்டுப் பெருமாளு,
திமிலு நிமிந்த தோளுக்காரன், திருப்பிப் பாத்தா மிரளாதவன்,
கட்டாமலே நிக்கிறவன், கறந்தாலும் வத்தாதவன்,
ஏழூரு சந்தையிலும் ஈடு சொல்ல ஆளில்லாதவன்,
இழுத்த பாரம் இறக்காதவன் எங்க கரட்டுப் பெருமாளு.’

முதலில் சிரித்தது சரசா. சிரித்துக்கொண்டே கடைசி அடியைத் திருப்பிப் பாடினாள். பிறகு பழனியப்பன் ரசீதுப் புத்தகத்தில் தாளம் போட்டார். குரலில்லாத மாராத்தாள் ஜால்ராவை எடுத்தாள். பிறகு யார் யார் என்று சொல்ல முடியாது, தரகர்கள் அத்தனை பேரும், வாழ்நாளில் எதையும் நல்லது என்று சொல்லியறியாத அத்தனை வாயும், அடைப்பெடுத்த சாக்கடைமாதிரி ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. ஒருவன் கொம்பைப் பாடினான், ஒருவன் குளம்பைப் பாடினான், ஒருவன் பெருமாளில் ஆரம்பித்துத் தன் வீட்டு எருதுக்குப் போய், அங்கிருந்து தன் பெண்டாட்டிக்குப் போய், வெட்கப்பட்டுக்கொண்டு பெருமாளுக்கே திரும்பினான். மாடுகள் நாற்பத்தொன்றும் தலையை நிமிர்த்தின. முப்பது வருடமாகக் குறையே கேட்ட சந்தைத் திடல் அது, புழுதிகூடக் கொஞ்சம் எழும்பி நின்றுதான் கேட்டது.

துண்டுக்குள் அந்தக் கை வந்திருந்தது. என் கையையும் வேலாயுதசாமியின் கையையும் சேர்த்துப் பிடித்திருந்தது. நான் எண்ணவில்லை.

“விடச் சொல்லுங்க” என்றார் வேலாயுதசாமி.

நான் பாடிக்கொண்டிருந்தேன், எப்படிச் சொல்வது?

“தரகரே, எனக்கு மாடு வேண்டாம். விடச் சொல்லுங்க.”

மாடு வேண்டும் வேண்டாம் என்பதெல்லாம் அந்தக் கைக்கு ஒரு பேச்சாகவே படவில்லை. பாட்டு நடந்தது, அது பிடித்தது. இழுத்துப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், ஒரு நாழிகை போனது, தோள் தளர்ந்தது, பிறகு அவரும் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார், நானும் கூடவே உட்கார வேண்டியதாயிற்று. செவலைப் பசு வந்து துண்டின்மேல் மூக்கை வைத்து முகர்ந்தது. அவர் அதன் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறிப்போன மாட்டின் முகத்தை அவர் அதுவரைக்கும் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அந்தத் தொழிலில் பார்க்கக் கூடாது.

“பாலக்காட்டுப் பக்கம் கோடை நெல்லு அறுத்து முடிச்சிருக்குது” என்றார் மெதுவாக, யாரிடமோ சொல்வதுபோல். “மாட்ட எறக்கிட்டு நான் சும்மாத்தான் லாரியத் திருப்பிட்டு வர்றேன். ரோட்டோரத்துல வைக்கோல் போரு போரா நனைஞ்சு கெடக்குது. அங்க மழை.”

சரசாவிடம் பாட்டைக் கொடுத்துவிட்டு, “என்ன விலை சொல்றீங்க?” என்றேன். பழக்கம் போகுமா?

துண்டுக்குள் அவர் என் எந்த விரலையும் பிடிக்கவில்லை. அந்தக் கை பிடித்ததுபோலவே முழுசாகப் பிடித்தார். அந்த நேரத்தில் மூன்றாவது கை எங்களை விட்டது. பாட்டு நிற்கவில்லை, அதுவாகவே தன்னை எடுத்துக்கொண்டது.

வெறும் லாரி மேற்கே போனது. அது கண் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த பழனியப்பன், “போன லாரி எந்த ஊர்லடா திரும்பி வந்திருக்குது?” என்றார். செவலைக்குப் போட ஒன்றுமில்லை. வயிற்றுக் கன்று விலாப்பக்கம் உதைப்பது வெளியே தெரிந்தது. வைக்கோலோடு வரும் என்று நம்ப எங்களிடம் ரசீது இல்லை, கையெழுத்து இல்லை, முன்பணம் இல்லை. பாட்டில் ஒன்றும் கேட்கவும் கூடாது. அதனால் பாடினோம். ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் எடுத்து, தொண்டை கட்டினவர் தாளம் போட்டு, தோளில் துண்டு இல்லாதவர் வேட்டி நுனியை நீட்டி, நாற்பது துண்டை முடிச்சுப்போட்டுச் சந்தைத் திடலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் விரித்து, ஆணும் பெண்ணும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அதற்குள் கையை நீட்டிக்கொண்டோம். உள்ளே எத்தனை கை என்று எண்ணிச் சொல்லக் கள்ளிமேட்டில் ஒரு தரகன்கூட முன்வரவில்லை. பொழுது விழுந்தது, பொழுது எழுந்தது, மாடுகள் எங்கள் கைகளை நக்கிக்கொண்டே நின்றன. என் வீட்டுக்காரி கரைத்துக் கொண்டுவந்த கம்மங்கூழைக் குடித்துவிட்டு, பாட்டின் இரண்டு அடிக்கு நடுவில், “நல்லாருக்குது” என்றேன். அவள் சொம்பை வாங்கி உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், “காச்சலா?” என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

புதன் உச்சிப்பொழுதில் மேற்கே தார் ரோட்டில் ஒரு புள்ளி தெரிந்தது. அது மஞ்சளாக இருந்தது. லாரி சிவப்பு, இது மஞ்சள், அதனால் வேறு ஏதோ வண்டி என்றார் பழனியப்பன். கிட்டே வர வர மஞ்சள் பெருத்தது, பக்கவாட்டில் பிதுங்கியது, கயிற்றுக்கு வெளியே தொங்கியது. லாரியே வெளியே தெரியவில்லை. ஒரு வைக்கோல் போர் தானாகச் சக்கரம் முளைத்து மேடேறி வந்துகொண்டிருந்தது. பாதி நனைந்த வைக்கோல். ஆவி பறந்தது. வாசம் அரை மைல் முன்னாலேயே வந்துவிட்டது.

வண்டி நிற்பதற்குள், பலகையை இறக்குவதற்குள், செவலைப் பசு கயிற்றோடு மாராத்தாளையும் இழுத்துக்கொண்டு ஓடி, லாரியின் பின்கதவு இடுக்கில் மூக்கை நுழைத்து ஒரு வாய் வைக்கோலை உருவியது. தாடை அசைந்தது. இந்தமுறை வாயில் சாமான் இருந்தது. மாராத்தாள் கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராத வாயால் என்னென்னவோ பாடினாள்.

வேலாயுதசாமி இறங்கினார். தூங்காத கண், தலையெல்லாம் துரும்பு. திடலின் குறுக்கே நீளமாகக் கிடந்த துண்டையும், அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கமறிக்கொண்டிருந்த ஊரையும் பார்த்தார்.

“இன்னும் பாடிட்டா இருக்கறீங்க?”

“நிறுத்துன்னு யாரும் சொல்லலீங்களே” என்று நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். அவர் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உட்கார்ந்து, துண்டுக்குள் கையை நீட்டினார்.